ஆங்கில வினையின் இருகாலப் பாகுபாடு: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

காலத்தை உணர்த்தும் முறை மொழிக்கு மொழி வேறுபடுகிறது. இறப்பு, நிகழ்வு, எதிர்வு எனக் காலம் மூன்று என்பது தொல்காப்பியத்தின் கொள்கை. ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவர்க்கோ பள்ளி இலக்கண நூல்கள் பன்னிரண்டு காலங்களை அட்டவணையிட்டுக் காட்டுகின்றன. எனினும் ஆங்கில வினைச்சொல் தன் வடிவ மாற்றத்தால் உணர்த்தும் காலங்கள் நிகழ்காலம், இறந்தகாலம் என்னும் இரண்டே. இரண்டு பன்னிரண்டாகப் பெருகிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பழைய ஆங்கிலம்

ஆங்கிலம் ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்த மொழி. இக்கிளையின் தொன்மையான வினைகள் இறந்தகாலம், இறப்பல்லாக் காலம் என்ற இருவகை வடிவங்களையே பெற்றிருந்தன. பழைய ஆங்கிலத்தில் எதிர்காலச் செய்தியையும் நிகழ்கால வடிவமே பெரும்பாலும் உணர்த்தியது. கி.பி. 1000-ஐ ஒட்டி ஆல்ஃப்ரிக் என்னும் துறவி இலத்தீன் இலக்கணத்தை ஆங்கிலத்தில் எழுதினார். இலத்தீனின் மூன்று இறந்தகால வடிவங்களுக்கும் அவர் ஒரே ஆங்கில வடிவத்தைத் தந்து, அவற்றுள் இரண்டை வினையடைகளால் வேறுபடுத்தினார். எதிர்காலத்திற்கு நிகழ்கால வடிவத்துடன் காலங்குறித்த சொற்களைச் சேர்த்தார். இரு மொழிகளின் அமைப்பும் ஒன்றன்று என்பதை இம்மொழிபெயர்ப்பே புலப்படுத்துகிறது.

3. இறந்தகால வடிவங்களின் வளர்ச்சி

இறந்தகாலம் இருவழிகளில் அமைந்தது. 'சிங்' என்பது 'சாங்' என்றாவது போல அடிச்சொல்லின் உயிர் திரிவது ஒன்று; தகர, டகர ஒலி கொண்ட விகுதி சேர்வது மற்றொன்று. ஜேக்கப் கிரிம் 1819-இல் வெளிவந்த தம் ஜெர்மானிய இலக்கணத்தில் இவற்றை முறையே வல்வினை, மெல்வினை எனப் பெயரிட்டார். பெயருக்கு மாறாக, வரலாற்றில் மெல்வினையே வென்றது. புதிதாக வந்த வினைகள் பெரும்பாலும் விகுதியையே ஏற்றன. பழைய வல்வினைகள் பலவும் அவ்வழியே சென்றன. இன்று 'ஹெல்ப்ட்' என விகுதி பெறும் வினை முன்னர் உயிர் திரிந்த வினையே; அதன் பழைய எச்சவடிவமான 'ஹோல்பன்' 1611-ஆம் ஆண்டு விவிலிய மொழிபெயர்ப்பில் காணப்படுகிறது.

விகுதியும் மாறியது. தனி அசையாக ஒலித்த அதன் உயிர், தகர, டகர ஈற்று வினைகளில் மட்டும் நிலைத்து, ஏனையவற்றில் மறைந்தது. இச்சுருக்கத்தால் மெய்கள் நெருங்கி ஒலிப்பு கடுமையாகிறது என்று ஜானதன் ஸ்விஃப்ட் 1712-இல் குறைகூறினார். மொழி அக்குறையைப் பொருட்படுத்தவில்லை.

'புட்', 'கட்' போன்ற வினைகளில் இரு காலங்களும் ஒரே வடிவம் பெறுகின்றன. படர்க்கை ஒருமை எழுவாயின் பின் மட்டும் நிகழ்காலத்துக்குரிய சகர விகுதி தோன்றுகிறது. அதன் வருகையே நிகழ்காலத்தையும், அதன் இன்மையே இறந்தகாலத்தையும் காட்டுகிறது. பாகுபாடு இவ்வளவு மெலிந்த நிலையிலும் அழியாதிருப்பது கருதத்தக்கது.

4. இலக்கண ஆசிரியர்களின் கணக்கு

ஆங்கிலத்திற்கு முதலில் எழுந்த ஆங்கில இலக்கணம் வில்லியம் புல்லோகர் 1586-இல் வெளியிட்டதாகும். அது இலத்தீன் இலக்கணத்தின் அடியொற்றியது. 1653-இல் ஜான் வாலிஸ் அவ்வழியினின்று விலகி, ஆங்கில வினைக்குக் காலம் இரண்டே என்றார். அவர் தம் நூலை இலத்தீனில் எழுதியவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1761-இல் ஜோசப் பிரீஸ்ட்லியும் அக்கருத்தினரே. ஆயினும் 1795-இல் வெளிவந்து பள்ளிகளில் பெரிதும் பரவிய லிண்ட்லி மரேயின் இலக்கணம் ஆறு காலங்களைக் கொண்டது. துணைவினைத் தொடர்களையும் காலமாக எண்ணியதன் விளைவு இது. மூன்று காலங்களை வினை நிகழும் நான்கு முறைகளோடு பெருக்கியபோது எண்ணிக்கை பன்னிரண்டாயிற்று.

எதிர்காலத்துக்குரியதாகக் கூறப்படும் 'வில்' என்பது விருப்பத்தையும், 'ஷல்' என்பது கடப்பாட்டையும் முதலில் குறித்த வினைகள். இவற்றிற்கு 'வுட்', 'ஷுட்' என்னும் இறந்தகால வடிவங்கள் உண்டு. எனவே எதிர்காலம் எனப்படுவதற்குள்ளும் அதே இருகாலப் பாகுபாடு அமைந்துள்ளது. இருபதாம் நூற்றாண்டில் ஆட்டோ யெஸ்பர்சனும், 1985-இல் வெளிவந்த விரிவான இலக்கணத்தில் குவர்க் முதலியோரும் ஆங்கில வினைக்கு எதிர்கால வடிவம் இல்லை என்ற முடிவையே கொண்டனர்.

5. முடிவுரை

இந்நிலை தமிழுக்கு முற்றிலும் அயலானதன்று. 'கின்று' என்னும் நிகழ்கால இடைநிலை சங்க நூல்களில் மிக அரிதாகவே வருகிறது. பிற்காலத்திலேயே பெருவழக்குப் பெற்றது. தொன்மையான திராவிட வினை இறப்பு, இறப்பல்லாதது என்ற இருகால அமைப்புடையது என்பது மொழியியலார் பலரின் கருத்து. தமிழ் அவ்வமைப்பில் ஒரு புதிய இடைநிலையைச் சேர்த்து விரிந்தது. ஆங்கிலம் துணைவினைகளால் விரிந்தது. முன்னது வினைச்சொல்லின் உள்ளேயும் பின்னது வெளியேயும் நிகழ்ந்தன. இவ்வேறுபாட்டை மறைக்கும் அட்டவணை மாணவரின் நினைவாற்றலுக்குச் சுமையாகிறது. இரு வடிவங்களையும் அவற்றோடு இணையும் துணைவினைகளையும் தனித்தனியே விளக்குவதே மொழியின் இயல்புக்கும் அதன் வரலாற்றுக்கும் பொருந்துவதாகும்.