முடியைப் பார்க்காதே, காதைப் பார்

நவம்பர் மாதம் வந்தால் நம்மைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கு ஒரு வேலை உண்டு. நாம் இன்னும் உயிரோடு இருக்கிறோம் என்று சர்க்காருக்குச் சொல்ல வேண்டும். இங்கே புதுச்சேரியில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பங்களும் 'செர்த்திஃபிக்கா த வி' கொடுத்தாக வேண்டும். இரண்டும் ஒரே சமாச்சாரம்தான்.

போன நவம்பரில் நான் ஆபீசுக்குப் போகவில்லை. பேத்தி கைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்து, "தாத்தா, கண்ணைச் சிமிட்டுங்க" என்றாள். சிமிட்டினேன். ஏற்கவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். முகம் இருட்டாக விழுந்துவிட்டது. நாற்காலியைத் திருப்பிப் போட்டதும் ஏற்றுக்கொண்டது. மத்திய அரசு 2021ல் கொண்டுவந்த வசதி இது. ஆதாரில் இருக்கும் முகத்தோடு கேமரா நம் முகத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறது. கண்ணைச் சிமிட்டச் சொல்வது, எதிரே இருப்பது உயிருள்ள ஆளா, வெறும் போட்டோவா என்று தெரிந்துகொள்ள.

முன்பு இந்த வேலையைச் செய்தவன் நான். பென்ஷன் புத்தகத்திலுள்ள போட்டோவையும் எதிரே நிற்பவர் முகத்தையும் பார்த்துக் கையெழுத்துப் போடும் குமாஸ்தாவாகச் சில வருஷம் இருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். ஒரு நாள் ஒரு விதவை அம்மா வந்தார். படத்தில் தலை நிறைய முடி, புஷ்டியான முகம். எதிரே நின்றவர் மொட்டைத் தலை, ஒட்டிய கன்னம், முன்பல் இல்லை. "இது நீங்க இல்லம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் வாதாடவில்லை. பத்து நாள் கழித்து, ஊரிலிருந்து இரண்டு சாட்சிகளோடு வந்தார். காய்ச்சலில் படுத்து எழுந்து, கோயிலில் முடி கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான்.

பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்த பெரியவர் ஒருவர் எங்கள் பிரிவில் இருந்தார். புத்தகத்தை வாங்கிப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். என்னிடம், "முடியைப் பார்க்காதே தம்பி, காதைப் பார். காது மாறாது" என்றார். காது படத்தில் இருந்தபடியே இருந்தது.

அந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன் என்ற பாரிஸ்காரரிடமிருந்து. அவரும் ஒரு குமாஸ்தாதான்.

பெர்த்தியோன் 1853ல் பிறந்தவர். தகப்பனார் மருத்துவர், புள்ளிவிவரக் கலையில் பெயர் பெற்றவர். மகனுக்குப் படிப்பு சரியாக ஏறவில்லை. 1879ல் பாரிஸ் போலீஸ் தலைமையகத்தில் நகல் எழுதும் வேலை கிடைத்தது. பிடிபட்டவர்களின் அங்க அடையாளங்களை அட்டையில் எழுதுவதுதான் வேலை. 'உயரம் நடுத்தரம், முகம் சாதாரணம்' என்று எழுதினால் அது யாருக்குத்தான் பொருந்தாது? போட்டோக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஆனால் பெயர்ப்படி அடுக்கி என்ன பயன்? திருடன் ஒவ்வொரு தடவையும் வேறு பெயர் அல்லவா சொல்கிறான்!

அவர் யோசித்த வழி எந்தக் குமாஸ்தாவும் மெச்சக் கூடியது. பெயரை விட்டுவிட்டு உடம்பின் அளவுகளை வைத்து அட்டைகளை அடுக்கினார். தலையின் நீளம், அகலம், நடுவிரல், இடது பாதம், முழங்கை முதல் விரல் நுனி வரை என்று 11 அளவுகள். ஒவ்வொன்றையும் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்றாகப் பிரித்து, பெட்டிக்குள் பெட்டியாக வைத்தார். புதிதாகப் பிடிபட்டவனை அளந்தால், தேட வேண்டிய அட்டைகள் ஒரு கைப்பிடிதான் மிஞ்சும்.

மேலதிகாரி முதலில் இதை மதிக்கவில்லை. 1882 கடைசியில் புதிதாக வந்தவர் மூன்று மாத அவகாசம் கொடுத்தார். அது முடிவதற்குள், 1883 பிப்ரவரியில், பொய்ப்பெயர் சொன்ன ஒருவன் சிக்கினான். 1884ல் மட்டும் 241 பழைய குற்றவாளிகள் அகப்பட்டார்கள். போட்டோவுக்கும் விதி வகுத்தார். நேர்முகம் ஒன்று, காது தெரியும்படி பக்கவாட்டு முகம் ஒன்று. ஒரே தூரம், ஒரே மாதிரி வெளிச்சம். அதற்கென்று தனியாக ஒரு நாற்காலி! என் நாற்காலியைப் பேத்தி திருப்பிப் போட்டபோது இதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அளவெடுக்கும் முறைக்கு ஆயுள் குறைவு. ஆளுக்கு ஆள் அளவு மாறியது. அதைத் தள்ளிவிட்டு முன்னுக்கு வந்தது கைரேகை. அதன் கதையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. நம் சந்திரநாகூருக்குப் பக்கத்து ஊரான ஹூக்ளியில் மாஜிஸ்திரேட்டாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், 1877 வாக்கில் பென்ஷன்காரர்களிடம் விரல்ரேகை வாங்கினார். செத்துப்போனவர் பென்ஷனை உறவினர் வந்து வாங்கிக்கொண்டு போனதுதான் காரணம். 1897ல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவே ஏற்பட்டது.

கேமரா வாசலுக்கு வந்த கதை வேறு. நியூயார்க்கில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற கறுப்பின நர்ஸ் இருந்தார். கணவரும் அவரும் வேலைக்குப் போய்வரும் நேரம் ஒத்துவராது; வீட்டில் தனியாக இருக்க அவருக்குப் பயம். 1966ல் கணவரோடு சேர்ந்து ஓர் அமைப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். கதவில் நாலு துவாரம், மேலும் கீழும் நகரும் கேமரா, படுக்கை அறையில் டிவி, வந்தவரோடு பேச மைக், இருந்த இடத்திலிருந்தே கதவைத் திறக்க ஒரு பொத்தான். 1969ல் உரிமை கிடைத்தது. அதில் கேமரா காட்டும். யாரென்று முடிவு செய்பவர் அந்த அம்மாள்தான்.

இப்போது வந்திருக்கும் ஸ்மார்ட் கேமரா இந்த இரண்டு கதையின் வாரிசு. பிரவுன் அம்மாளைப் போல வாசலைப் பார்க்கிறது, பெர்த்தியோனைப் போல முகத்தை எண்களாக்கி அடுக்குகிறது. பெரிய கடைகளில் எத்தனை பேர் வந்தார்கள், கல்லாவில் வரிசை நீள்கிறதா என்று எண்ணிச் சொல்கிறது. சாலையில் வண்டி நம்பரைப் படிக்கிறது. இரவில் கிடங்குக்குள் ஆள் நடமாடினால் முதலாளியின் கைபேசிக்குச் செய்தி அனுப்புகிறது. இதெல்லாம் நல்லதுதான். நான் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் பெர்த்தியோன் கதையில் இன்னொரு பக்கம் உண்டு. 1894ல் கேப்டன் த்ரேஃபுஸ் மீது உளவுக் குற்றம் சாட்டினார்கள். ஆதாரம் ஒரு கடிதம். கையெழுத்துக் கலையில் பயிற்சி இல்லாத பெர்த்தியோனைக் கேட்டார்கள். எழுத்து முழுக்க ஒத்துப்போகவில்லை என்பது அவருக்கே தெரிந்தது. உடனே, த்ரேஃபுஸ் தன் எழுத்தையே போலி மாதிரி எழுதியிருக்கிறார் என்று ஒரு கணக்குப் போட்டார். ஒத்துப்போனாலும் குற்றவாளி, ஒத்துப்போகாவிட்டாலும் குற்றவாளி! த்ரேஃபுஸ் நாலு வருஷத்துக்கு மேல் பிசாசுத் தீவில் கிடந்தார். 1904ல் கணித மேதை புவான்கரே முதலியோர் அந்தக் கணக்குக்கு அடிப்படையே இல்லை என்று காட்டினார்கள். 1906ல்தான் த்ரேஃபுஸ் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2018ல் ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் திருட்டுப் போயின. கடைக் கேமராவின் மங்கலான படத்தைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். அது கை காட்டிய ஆளை 2020 ஜனவரியில், மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் பார்க்க, வீட்டு வாசலில் கைது செய்தார்கள். சுமார் 30 மணி நேரம் அடைத்து வைத்தார்கள். ஆள் அவர் இல்லை. வழக்கு நடந்து, முகப் பொருத்தத்தை மட்டும் வைத்து யாரையும் கைது செய்யக் கூடாது என்று அந்த ஊர்ப் போலீஸ் 2024ல் ஒப்புக்கொண்டது.

என் பென்ஷன் விஷயத்தில் கேமராவுக்குக் கேள்வி ஒன்றுதான்: 'இவர் இன்னார்தானா?' டெட்ராய்ட்டில் கேட்டது, 'லட்சக்கணக்கான படங்களில் இவர் யார்?' என்று. அட்டை பெருகப் பெருக, ஒரே ஜாடையில் இன்னொருவர் இருக்கும் சாத்தியமும் பெருகும். அப்போது இயந்திரம் கொடுப்பது ஒரு குறிப்பு, தீர்ப்பு இல்லை.

கடை வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். கேமரா ஒருவரைக் காட்டிக் கொடுத்தால், அவர் கையைப் பிடிப்பதற்கு முன்னால் நீங்களே ஒரு தரம் அவர் முகத்தைப் பாருங்கள், மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள். பென்ஷன்காரர்களுக்கு: கைபேசி உங்களை ஏற்காவிட்டால் வெளிச்சத்தைப் பார்த்து உட்காருங்கள். அப்போதும் முடியாவிட்டால் கவலை வேண்டாம், நேரில் போய்க் கொடுக்கும் பழைய வழி இன்னும் இருக்கிறது.

அந்த அம்மாவுக்கு அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆனால் 'தப்பு என்னுடையதுதான் அம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.