ஒரு நாளைக்கு ஒரு காவதம்

ஞாயிறு விடியலில் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் கோயில் வாயிலில் ஒன்றுகூடுவதும், குடைவரைப் பகுதியை மற்றுமொரு முறை பார்த்துவிட்டு வாடகை வேனில் ஏறுவதும் நம் குழுவின் வழக்கம். அம்முறை செல்லவேண்டிய இடம் கொடும்பாளூர். அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை வழியாகச் சென்று திருச்சி - மதுரை நான்குவழிச் சாலையைப் பிடிப்பதாகத் திட்டம். மூவர் கோயிலைப் பற்றி எழுதுவதற்காகக் குறிப்பேட்டோடு சென்றோம். திரும்பியபோது அதில் இருந்தவை பெரும்பாலும் சாலையைப் பற்றிய குறிப்புகளே. மூவர் கோயில் கட்டுரையைப் பிறிதொரு முறை எழுதுவோம், வாசகர்கள் பொறுத்தருள்க.

கொடும்பாளூருக்குச் செல்பவர் எவராயினும் சிலப்பதிகாரத்தை நினையாமல் இருக்கவியலாது. உறையூரைக் கடந்து தெற்கே வரும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் வழி சொல்லும் இடம் காடுகாண் காதையில் வருகிறது. கொடும்பை நெடுங்குளத்தின் கரையை அடைந்ததும் வழி மூன்றாகப் பிரியும். சிவபெருமான் கைச் சூலம் போலப் பிரியும் என்கிறான் அவன். வலப்பக்க வழியில் வறண்ட நிலமும் காடும் இன்னின்னவாறு இருக்கும். இடப்பக்க வழியில் திருமால் குன்றமும் மூன்று பொய்கைகளும் உண்டு. நடுவழியே செல்லத் தக்கது, ஆயினும் அதில் கானுறை தெய்வம் ஒன்று எதிர்ப்பட்டு மயக்கும், விழிப்பாயிரு என்று எச்சரிக்கிறான். இன்றைய சாலைக் குறியீட்டுப் பலகைகள் தரும் செய்தியும் ஏறத்தாழ இதுவே. எங்கே பிரிவது, எங்கே நீர் கிடைக்கும், எங்கே ஆபத்து என்னும் மூன்றும் அவன் சொல்லில் அடங்கிவிடுகின்றன.

இதற்கு முந்தைய நாடுகாண் காதையில் ஒரு சிறு செய்தி உண்டு. பலமுறை படித்தும் நாம் கவனியாமல் கடந்துவிட்ட செய்தி அது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் நாளொன்றுக்கு ஒரு காவதத்துக்கு மேல் நடக்கவில்லை என்கிறார் இளங்கோ. காவதத்தின் அளவு குறித்து அறிஞரிடையே வேறுபாடு உண்டு. பத்து மைல் என்பது அகராதிகள் பொதுவாகத் தரும் கணக்கு. வண்ணச் சீறடி மண்மகள் அறியாத ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு நடப்பவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட வேக வரம்பு என்று இதைக் கூறினால் தமிழாசிரியர்கள் சினங்கொள்ளக் கூடும். நாமும் தமிழாசிரியரே. கூறிவிட்டோம்.

அந்தக் காலத்து வழிகளில் பாதுகாப்பு இருந்ததா என்று வேனில் ஒரு நண்பர் கேட்டார். இருந்தது, ஆனால் அச்சத்தின் பொருள் வேறு. கள்வர், விலங்கு, நீரின்மை, வண்டியின் அச்சு முறிதல் ஆகியவையே அன்றைய வழிப்போக்கரின் கவலைகள். உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூற்றின் 102-ஆம் பாடலில் காண்கிறோம். அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். இன்று ‘ஸ்டெப்னி’ என்று நாம் அழைக்கும் பொருளுக்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே ஓர் உவமைப் பெருமை கிடைத்துவிட்டது!

தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லையும் இங்கே குறிப்பிடவேண்டும். நாவற்றாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என்று எழுத்தில் பொறித்ததோடு, கீழே இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறிய குழிகளையும் வெட்டிவைத்திருக்கிறார்கள். பெரிய குழி பத்து; சிறிய குழி ஒன்று. எழுத்தறியாதவனும், இருளில் வருபவனும் விரலால் தடவித் தொலைவை அறிந்துகொள்ளலாம். அக்கல்லை நட்டவர் தம் எதிரே கண்ட பயணி, நின்று தடவிப் பார்க்கும் அளவுக்கு மெதுவாக நடப்பவன்.

புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்னும் சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. 13-ஆம் நூற்றாண்டுக்குப் பின் ஊரார் தம் காவல் உரிமையை அரையர்களிடம் விற்றதும், காவலை ஏற்றவர் ‘ஆசிரியம்’ என்னும் அடைக்கல உறுதியைக் கல்லில் வெட்டிக் கொடுத்ததும் புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1929-இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டுவோர் அறிந்ததே. காவலுக்கென்று ஓர் ஆள் இருந்தான். அவனுக்கு ஒரு வரி இருந்தது. தவறினால் கேட்பதற்கு ஒரு கல் இருந்தது. அந்தக் காவல் சில இடங்களில் கொள்ளைக்கு மறுபெயராக மாறியதும் வரலாறே. அதை மறைப்பதற்கில்லை.

ஆயினும் நம் நெஞ்சைத் தொடுவது வேறொரு கல். இரண்டு கல்தூண்களை நட்டு, தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கும் உயரத்தில், குறுக்கே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். சுமைதாங்கி. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் நட்டது. இறக்கிவைக்க முடியாமல் அவள் சுமந்துபோன சுமையை, வழியே போகும் எவரோ இறக்கிவைத்து இளைப்பாறட்டும் என்பது நம்பிக்கை. சாவுக்கு நினைவுச்சின்னம் எழுப்பிய சமூகங்கள் பல; அச்சின்னத்தை முன்பின் அறியாத வழிப்போக்கனின் தோளுயரத்துக்கு அளந்து வைத்தவர்களை நாம் வேறெங்கும் படித்ததில்லை. சாலைகள் அகலமானபோது இக்கற்கள் பலவற்றுக்கு இடமில்லாமல் போயிற்று. இருப்பவற்றைக் கடந்து செல்லும் வேகத்தில் எவருடைய கண்ணிலும் அவை படுவதில்லை.

வேகம் என்பது தனியொரு சிக்கலாக வந்தது மோட்டாரோடுதான். இங்கிலாந்தில் 1865-இல் இயற்றிய சட்டம், தானே இயங்கும் வண்டிகள் நாட்டுப்புறத்தில் மணிக்கு நான்கு மைலுக்கும் ஊருக்குள் இரண்டு மைலுக்கும் மேல் செல்லலாகாது என்றது. முன்னே ஒருவன் செங்கொடியோடு நடக்கவேண்டும் என்றும் விதித்தது. படிப்பவர் நகைப்பர். 1896-இல் அவ்வரம்பு மணிக்கு 14 மைலாக உயர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், இலண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கல் என்னும் பெண்மணி மோட்டார் மோதி இறந்தார். அந்நாட்டில் மோட்டாருக்குப் பலியான முதல் பாதசாரி அவரே என்பர்.

நம் பக்கத்தில் 1912-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பேருந்து ஓட்டத் தொடங்கினார். புதுக்கோட்டைக்குத் திருச்சியிலிருந்து இரயில் வந்தது 1929-இல்தான். எனவே இச்சீமையில் பலர் முதன்முதலில் ஏறிய எந்திர வண்டி, மோட்டார் பேருந்தாகவே இருந்திருக்கும். மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயரைக் குத்தியதால், காந்தம் பூட்டிய வண்டி ஒன்றைச் சாலையில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கியெடுத்தார்கள் என்று டி.வி.எஸ். பற்றிச் சொல்வார்கள். அந்தப் பேருந்து கடக்கும் நேரம் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்பதும் மூத்தோர் சொல்லும் கதை. இரண்டும் பெருமைக்குரிய கதைகளாகவே நம்மிடம் வந்துசேர்ந்தன. ஆயினும் அவற்றைச் சற்றே உற்றுப் பாருங்கள். லாடம் அடித்த மாடும் டயர் பூட்டிய வண்டியும் ஒரே சாலையில் செல்கின்றன. சாலை டயருக்காகக் கூட்டப்படுகிறது. ஊர் பேருந்தின் கடிகாரத்துக்குத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. பின்னாளில் நடந்தவை அனைத்துக்கும் வித்து இங்கேயே கிடக்கிறது என்பது நம் கருத்து.

சட்டங்கள் வரிசையாக வந்தன: 1914, 1939, 1988. 2018 ஏப்ரலில் மைய அரசு உச்ச வேகங்களை உயர்த்தி அறிவித்தது. கார்களுக்கு விரைவுச்சாலையில் 120 கிலோமீட்டர், நடுத்தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் 100, ஏனைய சாலைகளில் 70 என்பது அதன் கணக்கு. ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரித்த சென்னை உயர்நீதிமன்றம், அவ்வறிவிக்கையை 2021-இல் இரத்துச் செய்தது. தேரோட்டிக்குப் பொறுப்புணர்வைக் கற்பிக்காமல் குதிரைகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டுவானேன் என்று நம் வேனில் நடந்த விவாதத்தில் ஒருவர் கேட்டார். ஓட்டுநர் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. வேகமுள் அப்போது 95-இல் நின்றது.

இங்கே நம் சொந்தச் செய்தி ஒன்றைச் சொல்லவேண்டியுள்ளது. நம்மிடம் முதுகலை பயின்ற மாணவர் ஒருவர், கல்வெட்டுப் படியெடுக்க நம்மோடு வந்தவர், தம் ஊர்ப் பிரிவில் பேருந்திலிருந்து இறங்கிச் சாலையைக் கடக்கையில் கார் மோதி இறந்தார். இளைஞர்; கண்பார்வையில் குறையில்லை; அலைபேசியில் பேசிக்கொண்டிருக்கவுமில்லை. ‘பார்த்துக் கடந்திருக்கலாம்’ என்று துக்க வீட்டிலேயே சிலர் சொன்னார்கள். அவருடைய தாயார் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அச்சொல் நம்மை நெடுநாள் உறங்கவிடவில்லை.

பின்னர் ஒருநாள் அவ்விடத்துக்குச் சென்று நின்று கணக்கிட்டோம். 2010-களில் விரிவாக்கிய சாலை. இருவழித் தடம் ஏழு மீட்டர், இருபுறமும் தார் போட்ட ஓரம் தலா ஒன்றரை மீட்டர். ஆகப் பத்து மீட்டர். கையில் பையோ தலையில் கட்டோ உள்ளவர் நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் கடக்கப் பத்து நொடி வேண்டும். இருநூறு மீட்டருக்கு அப்பால் வண்டி வரக் காண்கிறார். அது மணிக்கு 60 கிலோமீட்டரில் வந்தால் அவரிடம் பன்னிரண்டு நொடி உண்டு, கடந்துவிடுவார். அதே வண்டி 90-இல் வந்தால் எட்டே நொடி. தொலைவைக் கண் அளக்கும். நேர் எதிரே வரும் ஒன்றின் வேகத்தை அளப்பதற்குக் கண் பழகியதில்லை. ஆயிரம் ஆண்டுகளாக அவ்வழியில் வந்தவை அனைத்தும் மாட்டின் வேகத்திலும் மனிதனின் வேகத்திலும்தாம் வந்தன. ஓட்டுநர் கண்டு நிறுத்தவும் வேண்டுமல்லவா? உலர்ந்த நல்ல சாலையில், ஒரு நொடியில் சுதாரித்துப் பிரேக்கை அழுத்தினாலும், 60-இல் வரும் வண்டி நிற்க ஏறத்தாழ 37 மீட்டர் வேண்டும். 90-இல் வருவதற்கு 70 மீட்டர் வேண்டும். ஒன்றரை மடங்கு வேகத்துக்கு இரு மடங்கு தொலைவு.

நம் மாணவர் பார்த்துத்தான் கடந்தார். பார்த்ததற்கும் கடந்ததற்கும் இடையே இரண்டு நொடி குறைந்துவிட்டது.

நாடு முழுவதற்குமான கணக்கு இன்னும் கொடியது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர் 1,68,491 பேர் என்கிறது மைய அரசின் அறிக்கை. அவர்களில் பத்தில் ஏழு பேர் அதிவேக விபத்துகளில் இறந்தவர்கள். ஏறத்தாழ 68 விழுக்காட்டினர் ஊரகப் பகுதிகளில் இறந்தவர்கள். மொத்தச் சாலை நீளத்தில் ஏறத்தாழ இரண்டு விழுக்காடே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் 36 விழுக்காட்டுச் சாவுகள் நேர்ந்தன. தமிழகத்தில் அவ்வாண்டு 64,105 விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர் 17,884 பேர்.

வேகத்தை மட்டும் குற்றஞ்சாட்டிப் பயனில்லை என்பார் உண்டு. ஓரளவு உண்மை. அன்றைய பெருவழியில் அனைவரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சென்றனர். இன்று அதே வழியில் ஒன்பது சக்கர வேகங்கள் செல்கின்றன: ஆட்டு மந்தை, சைக்கிள், டிராக்டர், மொபெட், லாரி, தொலைதூரப் பேருந்து, கார்... சாலை அகன்றது; சாலையோர ஊர் நகரவில்லை. பள்ளி ஒருபுறமும் குடியிருப்பு மறுபுறமுமாக அப்படியே இருக்கிறது. சுவீடன் நாட்டு நாடாளுமன்றம் 1997-இல் ஏற்றுக்கொண்ட கொள்கை, இதைத் தலைகீழாக நோக்கியது. மனித உடல் எவ்வளவு தாங்கும் என்று முதலில் கேள். அதற்கேற்பச் சாலைக்கு வேகத்தை வகு என்றது. நடப்பவரும் வண்டியும் கலக்குமிடத்தில் 30 கிலோமீட்டர், எதிரெதிர் வண்டிகள் மோதக்கூடிய தடுப்பற்ற சாலையில் 70 என்பது அதன் அளவு. மனிதனின் தோளுயரத்துக்குச் சுமைதாங்கியை அளந்து நட்டவர்களுக்கு இந்த எண்ணம் விளங்காமலா போகும்?

நம் அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் அடிபட்டோருக்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. நல்ல திட்டம்; ஐயமில்லை. ஆனால் அது விழுந்தபின் ஏந்தும் கை. சாலையைப் பொறுத்தவரை நம் ஊர்ப்பிரிவுகளில் காண்பவை, நகைக்கடை விளம்பரம் தாங்கிய இரும்புத் தடுப்புகள் இரண்டும், இரவில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு வேகத்தடையுமே. சாவடி என்ற சொல்லையும் சாலை கைவிட்டுவிடவில்லை. முன்பு வழிப்போக்கர் இலவசமாகப் படுத்துறங்கிய இடம் அது, இன்று சுங்கச்சாவடி.

கொடும்பாளூரில் மாலை வரை இருந்தோம். திரும்புகையில், இலுப்பூரைத் தாண்டியபின் ஓட்டுநர் அண்ணனிடம் நம் மாணவரின் கதையையும் எட்டு நொடிக் கணக்கையும் சொன்னோம். அவர் தம் மகளும் சாலையைக் கடந்துதான் பள்ளிக்குச் செல்கிறாள் என்றார். அதற்குமேல் பேசவில்லை. அன்னவாசலை நெருங்கும்போது, சாலையோரத்தில் ஒரு மூதாட்டி தலையில் புல்லுக்கட்டோடு நின்றிருந்தார். வேன் நன்றாகவே மெதுவாயிற்று. முகப்பு விளக்கு ஒருமுறை தணிந்து எழுந்தது. அவர் நம்மைச் சிறிது நேரம் ஐயத்தோடு பார்த்தார். பிறகு கடந்தார். வழக்கம்போல நாம் எண்ணினோம். பதினான்கு நொடி ஆயிற்று.