சார்ட் சொல்லாத இரண்டு மணி நேரம்: லோட்டஸ் முதல் எண்ணூர் வரை

இன்னைக்கு எபிசோட் எக்ஸெல் மேக்ரோ பத்தி. ஓடிடாதீங்க! ஒரு சார்ட்டுல எது உயரமா தெரியணும், எது தெரியக்கூடாதுன்னு முடிவு பண்றது யாருங்கிற கதை இது. எண்ணூர்ல போய்தான் முடியும்.

1979ல விசிகால்க் வந்துச்சு. ஒரு கட்டத்துல எண்ணை மாத்தினா, அதைச் சார்ந்த மத்த எண்களும் தானா மாறும். ஆனா சார்ட் வேணும்னா விசிப்ளாட்னு இன்னொரு மென்பொருள் வாங்கணும். அதை எழுதின மிட்ச் கேப்பர்தான் பிறகு லோட்டஸ் கம்பெனியைத் தொடங்கி, 1983 ஜனவரியில லோட்டஸ் 1-2-3 வெளியிட்டார். கணக்கு, சார்ட், டேட்டாபேஸ் மூணும் ஒரே இடத்துல. பேர்ல இருக்கிற 1-2-3 அதுதான்.

அதுல மேக்ரோன்னா, எந்தெந்த கீயை எந்த வரிசையில தட்டுவோமோ அதை அப்படியே ஒரு கட்டத்துல எழுதி வைக்கிறது. ஆல்ட்டோட ஒரு எழுத்தை அழுத்தினா போதும், சார்ட் வந்து நிக்கும்.

அடுத்த பெரிய மாற்றம் 1993ல. எக்ஸெல் 5ல விபிஏ வந்துச்சு. சார்ட்டோட அச்சு, கோடு, நிறம், தலைப்பு எல்லாத்தையும் தனித்தனியா கோட் எழுதியே ஆட்டிவைக்கலாம். கோட் தெரியாதவங்களுக்கு மேக்ரோ ரெக்கார்டர். நீங்க செய்றதைப் பார்த்து அதுவே எழுதிக்கும். ஆனா நீங்க ஏன் அப்படிச் செஞ்சீங்கன்னு அதுக்குத் தெரியாது. ஒருத்தர் ஒரு நாள் எடுத்த முடிவு, அவர் வேலையை விட்டுப் போன பிறகும் தினமும் காலையில ஓடிக்கிட்டே இருக்கும்.

இதுக்கும் எண்ணூருக்கும் என்ன சம்பந்தம்? அதிகமா மாசு உண்டாக்குற 17 வகை ஆலைகள்ல வெளியேற்றத்தை நாள் முழுக்க அளக்கிற கருவி பொருத்தணும்னு 2014ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவு போட்டுச்சு. உரம், பெட்ரோலியச் சுத்திகரிப்பு, அனல்மின் எல்லாம் அந்தப் பட்டியல்ல இருக்கு. மணலியில இருந்து எண்ணூர் வரைக்கும் போனா மூணையும் பார்க்கலாம். இவ்வளவு எண்களை யாரும் கண்ணால படிச்சு முடிக்க முடியாது. சுருக்கித்தான் பார்க்கணும். சிக்கலே அந்தச் சுருக்கத்துலதான்.

2023 டிசம்பர் 26, நள்ளிரவை ஒட்டின நேரம். கோரமண்டல் உர ஆலைக்குக் கடலுக்கு அடியில அமோனியா கொண்டு வர்ற குழாய்ல கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சு முட்டி, கண் எரிய, இருட்டுல வீட்டை விட்டு ஓடினாங்க. பலரை ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. ஆலை வாசல் பக்கம் ஒரு கன மீட்டர் காற்றுல 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்ததா தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லுச்சு. அனுமதிக்கப்பட்ட வரம்பு 400. ஆனா அந்த 400ங்கிறது 24 மணி நேர சராசரிக்கான வரம்பு.

இப்போ ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு நாள்ல 22 மணி நேரம் காற்றுல அமோனியா 50, ரெண்டு மணி நேரம் மட்டும் 2,000. மொத்தம் 5,100. இருபத்து நாலால வகுத்தா 212.5. நாள் சராசரியை மட்டும் வரையுற மேக்ரோ, 400ங்கிற சிவப்புக் கோட்டுக்கு ரொம்பக் கீழேயே ஒரு புள்ளி வைக்கும். கணக்குல தப்பே இல்ல. ஆனா அந்த ரெண்டு மணி நேரத்துலதான் ஒரு ஊரே தெருவுல நின்னிருக்கும்.

சரி, மணி நேரக் கணக்குலயே வரையலாம்னு பார்த்தா இன்னொரு பொறி இருக்கு. அச்சோட உச்ச அளவை நாம சொல்லலைன்னா எக்ஸெல் அதுவாவே எடுத்துக்கும். சாதாரண நாள்ல 60 வரைக்கும், கசிவு நாள்ல 2,500 வரைக்கும். ரெண்டு சார்ட்டையும் பக்கத்துல வச்சா மலை ஒரே உயரம்தான்.

நல்ல விஷயம் என்னன்னா, இதைச் சரி பண்றதும் அதே மேக்ரோதான். அச்சோட உச்சத்தை எல்லா நாளுக்கும் ஒண்ணா நிறுத்தணும். சராசரிக் கோட்டோட மணி நேரக் கோட்டையும் வரையணும். இது எத்தனை மணி நேர சராசரின்னு தலைப்புல தானா எழுத வைக்கணும். விபிஏல எல்லாம் சேர்த்து பத்துப் பதினைஞ்சு வரிதான்.

அடுத்த தடவை யாராவது ஒரு சார்ட்டைக் காட்டி "வரம்புக்குள்ளதான் இருக்கு"ன்னு சொன்னா, "எத்தனை மணி நேர சராசரி?"ன்னு கேளுங்க. எண்ணூர்ல குடியிருக்கிறவங்க சார்பா அந்தக் கேள்வியை நாமளும் கேட்கலாம்.