காட்டுத்தீ இடரும் வீட்டுக் காப்பீடும்

காட்டுத்தீ இடர் என்பது காடுகளையும் புதர்நிலங்களையும் ஒட்டிய குடியிருப்புகளுக்குத் தீயினாலும் புகையினாலும் இழப்பு நேரும் வாய்ப்பைக் குறிக்கும். தீயால் கட்டிடத்துக்கு நேரும் இழப்பை வீட்டுக் காப்பீடு ஈடுசெய்யும். புகையால் வரும் நோய்க்கான மருத்துவச் செலவு அதில் அடங்காது.

சேலம் பகுதி

அம்மாபேட்டை சேலம் மாநகரின் நெருக்கமான குடியிருப்புப் பகுதிகளுள் ஒன்று. நெசவுத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. சேர்வராயன் மலை, ஜருகுமலை, கஞ்சமலை ஆகியவை சேலத்தைச் சூழ்ந்துள்ளன. பெப்ரவரி முதல் மே வரை இம்மலைகளில் சருகும் புல்லும் காய்ந்திருப்பதால் தீ எளிதில் பரவும். சமவெளியிலுள்ள வீடுகளைத் தீ எட்டும் வாய்ப்பு குறைவு. எனினும் காற்றின் திசைக்கேற்பப் புகை அங்கு வரக்கூடும்.

வீட்டுக் காப்பீடு

இந்தியாவில் முன்னர் வழக்கிலிருந்த பொதுத் தீக்காப்பீட்டில் புதர்த்தீ அடங்கியிருந்தது, காட்டுத்தீ விலக்கப்பட்டிருந்தது. அதற்குக் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் கிரக ரக்சா என்னும் பொதுப் பத்திரத்தில் இரண்டும் சேர்க்கப்பட்டன. இதில் காப்பீட்டுத் தொகை மனையின் விலையைக் கொண்டு அன்றி, வீட்டை மீண்டும் கட்டும் செலவைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. கட்டிடத் தொகையில் 20 விழுக்காடு வரை, அதிக அளவாக 10 இலட்சம் ரூபாய்க்கு, வீட்டுப் பொருட்களும் காப்பீடு பெறும்.

உடல்நலம்

காட்டுத்தீப் புகையிலுள்ள, 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த விட்டமுடைய நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன. குழந்தைகள், முதியோர், கருவுற்ற பெண்கள், ஆஸ்துமா மற்றும் இதய நோயாளிகள் எளிதில் பாதிக்கப்படுகின்றனர். இத்துகள்களின் 24 மணிநேரச் சராசரிக்கு உலக சுகாதார அமைப்பு 2021இல் பரிந்துரைத்த வரம்பு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம். இந்தியா 2009இல் வகுத்த வரம்பு 60 மைக்ரோகிராம் ஆகும்.

தமிழ்நாட்டில் 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவர்கள் மலையேற்றம் சென்றவர்கள். வீடுகளின் சேதத்தை மட்டும் கொண்டு காட்டுத்தீயின் இழப்பை அளவிட இயலாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

பிற நாடுகள்

இடர் மிகும்போது காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்துகின்றன அல்லது விலகிக்கொள்கின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஸ்டேட் பார்ம் நிறுவனம் 2023 மே மாதத்தில் புதிய வீட்டுக் காப்பீட்டு விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தியது. அம்மாநிலத்தின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 2025 சனவரியில் பரவிய தீயில் 16,000க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் அழிந்தன.

தடுப்பு

தீத்தடுப்புக் கோடுகள் வெட்டுதல், வீட்டைச் சுற்றிச் சருககற்றுதல், குப்பை எரிப்பதைத் தவிர்த்தல் ஆகியவை தீயையும் புகையையும் ஒருங்கே குறைக்கும் வழிகளாகும். இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு காட்டுத்தீ எச்சரிக்கைகளை மாநில வனத்துறைகளுக்கு அனுப்பி வருகிறது.