22 மில்லிகிராம் பெர்க்கிலியம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள ஓக் ரிட்ஜ், இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டு வேலைக்காகவே எழுப்பப்பட்ட ஊர். அங்குள்ள தேசிய ஆய்வுக்கூடத்தில் 1965 முதல் ஓர் அணு உலை இயங்குகிறது. மின்சாரத்துக்காகக் கட்டிய உலையல்ல அது. நியூட்ரான்களைக் கொட்டித் தருவதுதான் அதன் தொழில். 2008இல் அதற்குள் இறங்கிய கியூரியத்திலிருந்து 22 மில்லிகிராம் பெர்க்கிலியம்-249 கிடைத்தது. ஏறக்குறைய ஓர் அரிசி மணியின் எடையே தேறும் அந்தப் பொருள் போய்ச்சேர்ந்த இடமும் ஆன கதியும் அலாதியானவை.

அதை மட்டும் கருதி யாரும் உலையைப் பற்றவைக்கவில்லை. விலைபோகிற சரக்கு கலிஃபோர்னியம்-252. எண்ணெய்க் கிணறுகளைச் சோதிக்கிறவர்களுக்கும், புது அணு உலையை முதன்முறை தொடங்கி வைக்கிறவர்களுக்கும் அது வேண்டும். கியூரியம் அணுக்கரு நியூட்ரான்களை ஒவ்வொன்றாக விழுங்கிக் கனக்கிறது. கியூரியம்-249 ஆனதும் அதற்கு மேல் தாங்குவதில்லை. ஒரு மணி நேரத்துச் சொச்சம் அரை ஆயுளில் உள்ளிருக்கும் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாற, பெர்க்கிலியம்-249 பிறக்கிறது. அதுவும் இன்னொரு நியூட்ரானை விழுங்கினால் கலிஃபோர்னியம் ஆகும் வழியில் போய்விடும். ஆக, பெர்க்கிலியம் ஓர் இடைத்தங்கல்தான்.

அந்த இடைத்தங்கல் சரக்குக்காகக் காத்திருந்தவர் ரஷ்யாவின் துப்னா நகரில் இருந்தார். பெயர் யூரி ஒகனேசியன். துப்னாவின் கூட்டு அணு ஆய்வு நிறுவனத்தில் அவர் குழு கால்சியம்-48 கற்றையைக் கொண்டு கனமான தனிமங்களை வரிசையாக உருவாக்கிக்கொண்டிருந்தது. 116ஆம் தனிமம் முடிந்தது, 118 முடிந்தது, நடுவில் 117 மட்டும் காலி. கால்சியத்தில் 20 புரோட்டான்கள். 117இல் 20 போனால் 97. அது பெர்க்கிலியம். கணக்கு இவ்வளவு எளிது. சரக்குதான் ரஷ்யாவில் போதுமான அளவு இல்லை. கலிஃபோர்னியத்துக்கு எப்போது உலையை ஓட்டப்போகிறீர்கள் என்று வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஹாமில்டன் ஓக் ரிட்ஜைக் கேட்டுக்கொண்டே இருந்தார். 104, 105ஆம் தனிமங்களைக் கண்டுபிடித்தது யார், பெயர் வைப்பது யார் என்று அமெரிக்காவின் பெர்க்லியும் துப்னாவும் பல்லாண்டுகள் மல்லுக்கட்டியதை நினைத்துப் பார்த்தால், பெர்க்லியின் பெயரைச் சுமந்த தனிமத்தையே துப்னா கேட்டு வாங்கியதில் ஒரு குறும்பு இருக்கிறது.

உலையில் 250 நாள். 2008 டிசம்பரில் வெளியே எடுத்தபோது கையால் தொடுவது இருக்கட்டும், கிட்டே போகவே முடியாது. கதிரியக்கம் தணிய மூன்று மாதம். பிறகு தடித்த சுவர்களுக்குப் பின்னால் இயந்திரக் கைகளைக் கொண்டு ரசாயனப் பிரிப்பு. அதற்கு மூன்று மாதம். கியூரியம், கலிஃபோர்னியம், பிளவில் பிறந்த எச்சங்கள் எல்லாவற்றையும் கழித்து, தூய பெர்க்கிலியம் மட்டும் 22 மில்லிகிராம்.

அதன் அரை ஆயுள் சுமார் 330 நாள். அதாவது, மே மாத வெயிலில் ஐஸ் வண்டி தள்ளுகிறவனின் நிலைமை. ஒவ்வொரு நாளும் சுமார் 45 மைக்ரோகிராம் தானாகவே கலிஃபோர்னியம்-249 ஆகிக் கழிகிறது. எந்தப் பெட்டகமும் அதைத் தடுக்காது.

2009 ஜூனில் ஐந்து ஈயக் கலன்களில் அடைபட்டு நியூயார்க்கிலிருந்து மாஸ்கோவுக்குப் பயணிகள் விமானத்தில் ஏறியது. மாஸ்கோவில் சுங்கத் துறை நிறுத்திவிட்டது. காகிதங்கள் சரியில்லையாம். கலன்கள் நியூயார்க் திரும்பின. மறுபடி அனுப்பினார்கள், மறுபடி ஏதோ குறை, மறுபடி திருப்பம். மூன்றாம் முறைதான் உள்ளே விட்டார்கள். சில நாட்களுக்குள் அட்லாண்டிக்கை ஐந்து முறை கடந்த பெர்க்கிலியம் இது ஒன்றாகத்தான் இருக்கும். இயற்பியல் நூல்கள் இந்தப் பகுதியை ஒரு வரியில் கடந்துவிடும். எனக்கென்னவோ கற்றையை முடுக்கும் சைக்ளோட்ரானுக்குச் சமமாக அந்தக் காகிதக் கட்டையும் சோதனைக் கருவிகளில் சேர்க்கலாம் என்று தோன்றுகிறது.

அடுத்த நிறுத்தம் வோல்காப் பகுதியின் திமித்ரோவ்கிராத். அங்குள்ள அணு உலை ஆய்வு நிறுவனத்தில் பெர்க்கிலியத்தை மெல்லிய டைட்டானியத் தகட்டின் மீது 300 நானோமீட்டர் கனத்துக்குப் பூசினார்கள். அதன் பிறகு துப்னா. ஒரே இடத்தில் கற்றை விழுந்தால் பூச்சு பொசுங்கிவிடும் என்பதால் தகடுகளைச் சுழலும் சக்கரத்தில் பொருத்தினார்கள். ஜூலை 27 அன்று சைக்ளோட்ரான் முடுக்கிய கால்சியம்-48 பாயத் தொடங்கியது. நொடிக்கு 7 லட்சம் கோடி அணுக்கருக்கள், ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில்.

கால்சியமும் மலிவானதில்லை. இயற்கைக் கால்சியத்தில் 48 நிறை கொண்டது 0.2 சதவீதம்கூட இல்லை. ஆனாலும் அதுதான் வேண்டும். அதன் 20 புரோட்டான், 28 நியூட்ரான் இரண்டுமே அணுக்கருவை இறுக்கிக் கட்டுகிற எண்கள். இறுக்கமான கரு வந்து மோதினால் சேர்ந்த கரு அதிகம் சூடேறாது. சூடு குறைந்தால் உடையாமல் தப்ப வாய்ப்பு கூடும்.

வாய்ப்புதான். பெரும்பாலான கால்சியக் கருக்கள் எதையும் தொடாமல் தகட்டைக் கடந்துவிடும். தொட்டவற்றிலும் பெரும்பாலானவை சேர்வதில்லை. 97 புரோட்டானும் 20 புரோட்டானும் ஒன்றையொன்று மூர்க்கமாகத் தள்ளுகின்றன. இரண்டு கருக்களும் ஒட்டிக்கொண்டு, நடுவில் கழுத்துப்போல ஒரு பாலம் விழுந்து, அதன் வழியே பெர்க்கிலியத்திலிருந்து கால்சியத்துக்குப் புரோட்டான்களும் நியூட்ரான்களும் ஓடுகின்றன. முழுதாகக் கலப்பதற்குள் கழுத்து அறுந்து இரண்டு துண்டுகள் தெறிக்கின்றன. இத்தகைய மோதல்களில் பெரிய துண்டு பல நேரம் ஈயத்தின் நிறையை ஒட்டியே நிற்கும். ஈயம்-208உம் அப்படி இறுகக் கட்டிய கருவல்லவா. இதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியைக் கோடி கோடியால் வகுத்து, அதை மேலும் பத்து லட்சம் பங்காக்கினால் வருவது போன்றது. அவ்வளவு சிறிய நேரத்தை எந்தக் கடிகாரம் அளக்கும்? ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இதையே ஆராயும் குழு ஒன்று துண்டுகள் பறந்த கோணத்தைக் கடிகாரமாக்கிக்கொண்டது. ஒட்டிய கருக்கள் சேர்ந்து சுழலும். ஒரு சுற்று முடிவதற்குள் உடைந்தால், எந்த நிறை எந்தப் பக்கம் போனது என்பதில் அந்த அவசரம் பதிந்திருக்கும்.

அரிதாக உண்மையிலேயே கலந்துவிட்ட கருவுக்கும் நிம்மதியில்லை. மிச்சச் சூட்டில் அதுவும் பிளந்துவிடும். மூன்று அல்லது நான்கு நியூட்ரான்களை வெளியே தள்ளிக் குளிர்ந்தால் மட்டுமே பிழைக்கும்.

சுமார் ஐந்து மாதக் கற்றையில் பிழைத்தவை ஆறு. நான்கு நியூட்ரான் உதிர்த்த ஐந்து அணுக்கள், மூன்று உதிர்த்த ஒன்று. யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. செத்த விதத்தை வைத்துத்தான் பிறந்ததை அறிந்தார்கள். 293 நிறை கொண்டது மூன்று ஆல்ஃபா துகள்களை அடுத்தடுத்து உமிழ்ந்து, 115, 113 என்று இறங்கி, 111இல் நின்று இரண்டாகப் பிளந்தது. 294 இன்னும் நீண்ட படிக்கட்டு: ஆறு ஆல்ஃபா, கடைசியில் டப்னியம்-270இல் வந்து பிளவு. ஒரு நியூட்ரான் கூடியதற்கே இத்தனை படி. நியூட்ரான் கூடக்கூட ஆயுள் நீளும் என்று கோட்பாட்டாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொன்னதற்கு இது சான்று. 117ஐவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்தச் செய்திதான்.

2010 ஏப்ரலில் அறிவித்தார்கள். 2014இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வகம், மீண்டும் ஓக் ரிட்ஜ் தந்த 13 மில்லிகிராம் பெர்க்கிலியத்தைக் கொண்டு 294ஐ உறுதி செய்தது. 2016 நவம்பரில் டென்னசின் என்ற பெயர் ஏற்கப்பட்டது. கற்றையை விட்ட துப்னாவை விட்டுவிட்டு இலக்கை வடித்துக் கொடுத்த மாநிலத்துக்குப் பெயரைத் தந்தது நியாயம் என்றே நினைக்கிறேன். துப்னாவுக்கு டப்னியம் ஏற்கெனவே இருந்தது.

இடையில், 2012இல், துப்னா புதிய பெர்க்கிலியம் வாங்கிச் சோதனையைத் திரும்பச் செய்தது. 117இன் சங்கிலிகள் மேலும் கிடைத்தன. கூடவே பொருந்தாத ஒன்றும் விழுந்தது: 118இன் சங்கிலி. சோதனை நீண்டதில் தகட்டிலிருந்த பெர்க்கிலியத்தில் ஒரு பங்கு கலிஃபோர்னியமாகிவிட்டிருந்தது. கலிஃபோர்னியத்துக்கு 98 புரோட்டான். கால்சியம் அதில் ஒன்றைப் போய் முட்டியிருக்கிறது.