மூணு லட்ச ரூபாய் ஹெட்செட்டும் பழவேற்காட்டு வலை ஊசியும்

(கொஞ்சம் நீளமான இழை. டீ, காபி எடுத்துட்டு வந்து நிதானமா படிங்க.)

1. 2024 பிப்ரவரி 2 அன்று ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் "விஷன் புரோ" என்ற ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டு வந்தது. கண்ணை முழுசா மறைக்கிற மாதிரி தலையில் மாட்டிக்கணும். நாம உட்கார்ந்திருக்கிற அறையும் தெரியும், அதன் நடுவே கம்ப்யூட்டர் காட்டும் படங்களும் மிதக்கும். இதைத்தான் மிக்ஸ்டு ரியாலிட்டி என்கிறார்கள். விலை 3,499 டாலர். அன்றைய கணக்கில் நம்ம பணத்துக்கு சுமார் 2 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய்.

2. முதல் நாள் மாட்டிப் பார்க்கிற எவருக்கும் பிரமிப்பாத்தான் இருக்கும். ஒரு டாக்டரா எனக்கு வர்ற கேள்வி வேற. ஆறு மாசம் கழிச்சு? மூணு வருஷம் கழிச்சு? அது தலையில இருக்குமா, பீரோவுல இருக்குமா?

இந்தக் கேள்வி புதுசு இல்லைங்க. முகத்தில் மாட்டுற விலை உயர்ந்த பார்வைக் கருவியோட மனுஷன் 700 வருஷத்துக்கும் மேலா குடித்தனம் நடத்திட்டு இருக்கான். அதுக்குப் பேர் மூக்குக்கண்ணாடி. அந்தக் கதையை பழவேற்காட்டுல இருந்து பார்க்கலாம் வாங்க. ஏன் பழவேற்காடு? போகப் போகப் புரியும்.

3. பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கு. தெற்குப் பக்கம் நம்ம திருவள்ளூர் மாவட்டம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் "பாடு" என்று ஒரு முறை இருக்கு. ஏரியில் இறால் நல்லாக் கிடைக்கிற இடங்களில் யார், எந்த நாளில் வலை போடலாம் என்று ஊர்களும் குடும்பங்களும் முறை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு.

யோசிச்சுப் பாருங்க. முறை வர்ற நாளில் வலை கிழிஞ்சு கிடந்தா அந்த நாள் வருமானம் போச்சு. அதனால மீன் பிடிக்கிற வேலையில் பாதி, கரையில் உட்கார்ந்து வலையைச் சரி பண்றது. வலை ஊசியில் நூல் ஏத்தி, கண்ணி கண்ணியாத் தேடி முடிச்சுப் போடணும். முழுக்க முழுக்கக் கிட்டப் பார்வை வேலை.

4. இந்த வேலைக்கு எதிரி ஒன்னு இருக்கு. நாற்பது வயசு.

நம்ம கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் இளமையில் நெகிழ்வா இருக்கும். கிட்ட இருக்கிற பொருளைப் பார்க்கும்போது கண்ணுக்குள்ள இருக்கிற சின்னத் தசை சுருங்கும், லென்ஸ் உப்பும், பொருள் தெளிவாத் தெரியும். வயசு ஏற ஏற லென்ஸ் விறைப்பாகும். நாற்பதைத் தாண்டினதும் பேப்பரைக் கை நீட்டிப் பிடிச்சுப் படிக்க ஆரம்பிப்போம். இதுக்குத் தமிழில் அழகான பெயர், வெள்ளெழுத்து. சாளேசுரம் என்றும் சொல்வாங்க. நாற்பது என்று பொருள்படும் "சாலீஸ்" என்ற சொல்லில் இருந்து வந்தது அது. அதாவது நோயின் பேரே வயசுதான்!

இது நோய் கூட இல்லை. ராஜாவுக்கும் வரும், மீனவருக்கும் வரும். ஆனா மருந்து யாருக்கு முதலில் கிடைச்சது என்பதில்தான் வரலாறு இருக்கு.

5. மூக்குக்கண்ணாடி பிறந்தது இத்தாலியில், 13ஆம் நூற்றாண்டின் கடைசியில். 1306இல் பிளாரன்ஸ் நகரில் ஜியோர்டானோ என்ற பாதிரியார் ஒரு பிரசங்கத்தில், இந்தக் கலை கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் இருபது வருஷம் கூட ஆகலை என்று சொல்லியிருக்கிறார். ரெண்டு வட்டக் கண்ணாடி, நடுவில் ஒரு ஆணி. அவ்வளவுதான். துறவிகளும் பணக்காரர்களும் மட்டும் வைத்திருந்த பொருள்.

6. இந்தியாவில்? சுமார் 1520. விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயரின் குருவாக மதிக்கப்பட்டவர் வியாசதீர்த்தர். அவருடைய வாழ்க்கையை சோமநாதர் என்ற கவிஞர் சமஸ்கிருதத்தில் எழுதினார். அதில் வியாசதீர்த்தர் கண்ணாடி வைத்துச் சுவடி படிக்கும் காட்சி வருது. புனேயைச் சேர்ந்த ஆய்வாளர் பி.கே. கோடே இந்தக் குறிப்பை எடுத்துக்காட்டி, அந்தக் கண்ணாடி போர்ச்சுகீசியர் மூலம் வந்திருக்கலாம் என்று கருதினார்.

அப்போ வியாசதீர்த்தருக்கு அறுபது வயசுக்கு மேல். சுவடி படிக்க வேண்டிய வேலை. வெள்ளெழுத்து. புரியுதா? அன்றைக்கு அது ஒரு பேரரசின் குருவுக்குக் கிடைக்கக்கூடிய அதிசயப் பொருள். அன்றைய விஷன் புரோன்னே வச்சுக்கோங்க.

7. அதே விஜயநகரத்தின் கிழக்குக் கரை துறைமுகங்களில் முக்கியமானது பழவேற்காடு. துணி ஏற்றுமதி கொடிகட்டிப் பறந்தது. போர்ச்சுகீசிய வியாபாரிகள் வந்து தங்கினாங்க. பிறகு டச்சுக்காரர்கள்.

இங்க ஒரு சுவாரசியம். 1608இல் நெதர்லாந்தின் மிடில்பர்க் நகரைச் சேர்ந்த ஹான்ஸ் லிப்பர்ஷே என்ற மூக்குக்கண்ணாடி செய்பவர், தொலைநோக்கிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ரெண்டே வருஷத்தில், 1610இல், அவர் நாட்டு வியாபாரிகள் பழவேற்காட்டில் கால் ஊன்றினாங்க. 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் டச்சு வியாபாரத்தின் தலைமையிடம் இதுதான்.

அந்தக் காலத்தில் ஐரோப்பியக் கம்பெனிகள் நம்ம அரசவைகளுக்குக் கொடுத்த பரிசுப் பொருட்களில் கண்ணாடிகளும் தொலைநோக்கிகளும் இருந்தன. உலகத்தின் சிறந்த லென்ஸ் செய்த தேசத்தின் கொடி, கோட்டைக்கு மேல பறக்குது. கோட்டைக்கு வெளியே, நாற்பது தாண்டிய மீனவர் கை நீட்டி வலையைப் பார்த்துட்டு இருக்கார். பரிசு அரசவைக்குத்தான் போகும், குப்பத்துக்கு வராது.

8. சரி, கிடைச்சவங்களாவது நிம்மதியா இருந்தாங்களா? இல்லை. மூக்குக்கண்ணாடி மூக்கில் நிக்கவே இல்லை!

கையில் பிடிச்சுப் பார்த்தாங்க. மூக்கைக் கவ்வுற மாதிரி செய்தாங்க. நாடா கட்டித் தலையைச் சுத்தினாங்க. காதில் நூல் மாட்டினாங்க. பக்கவாட்டில் நீளும் கம்பிகள் வந்தது 1720களின் கடைசியில்தான். லண்டனைச் சேர்ந்த எட்வர்ட் ஸ்கார்லெட் அவற்றை விற்றார். அதாவது லென்ஸ் கண்டுபிடிச்ச பிறகு, அதை உடம்போட பொருத்த மனுஷனுக்கு 400 வருஷத்துக்கு மேல ஆச்சு. லென்ஸின் அறிவியல் கஷ்டமா இருந்துச்சோ இல்லையோ, மூக்கு, காது, கழுத்து மூணையும் சமாதானப்படுத்துறது அதைவிடக் கஷ்டமா இருந்திருக்கு.

9. அடுத்த அத்தியாயம் நம்ம சென்னையில். 1819இல் இங்கே கண்ணுக்கென்றே தனி மருத்துவமனை தொடங்கியது. இன்றைய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை அதுதான். உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று.

பின்னாளில் கண்புரை அறுவை சிகிச்சை பரவலாச்சு. கிராமங்களில் முகாம் போட்டு ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்தாங்க. ஆனா புரை விழுந்த லென்ஸை எடுத்த பிறகு, கண்ணுக்குள்ள லென்ஸே இருக்காது. அந்தக் குறையை ஈடு கட்ட, வெளியே சுமார் +10 பவர் கண்ணாடி. "சோடாபுட்டி கண்ணாடி" என்று நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்வாங்களே, அதேதான்.

10. அந்தக் கண்ணாடியோட வாழ்றது எப்படி இருக்கும் தெரியுமா? எல்லாமே 25 முதல் 30 சதவீதம் பெருசாத் தெரியும். படிக்கட்டு கிட்ட வந்த மாதிரி இருக்கும், காலை வச்சா இருக்காது. நேர்க்கோடு வளையும். பார்வையின் நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் இடையில் வளையம் மாதிரி ஒரு பகுதி தெரியவே தெரியாது. எதிரே வர்ற ஆள் திடீர்னு முளைச்ச மாதிரி வந்து நிப்பார். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆகியிருந்தா, ரெண்டு கண்ணும் ரெண்டு அளவில் காட்டும்.

ஆடுற படகில் நின்னு கோல் ஊன்றுகிற ஒருத்தருக்கு இதை மாட்டிவிட்டா என்ன ஆகும்? ஆபரேஷன் வெற்றி, மனுஷன் வீட்டுத் திண்ணையில். அந்தக் கண்ணாடி தொலைஞ்சாலோ உடைஞ்சாலோ மறுபடியும் குருடு.

11. தீர்வு எங்கிருந்து வந்தது? 1949 நவம்பர் 29. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹரோல்ட் ரிட்லி முதல் செயற்கை லென்ஸை ஒரு நோயாளியின் கண்ணுக்குள்ளேயே வைத்தார். போர் விமானங்களின் கூரை செய்யும் பிளாஸ்டிக் வகைதான் அந்த லென்ஸ். விமானிகளின் கண்ணுக்குள் அதன் துகள்கள் போய்த் தங்கியும் பாதகம் செய்யலை என்பதைக் கவனித்திருந்தார்.

அருமையான கண்டுபிடிப்பு. ஆனா விலை? 1980களில் இறக்குமதி லென்ஸ் ஒன்றுக்கு நூறு டாலருக்குக் குறையாது. ஏழைக்குச் சோடாபுட்டி, பணக்காரருக்குக் கண்ணுக்குள் லென்ஸ். மறுபடியும் அதே கோட்டை, அதே குப்பம்.

12. இந்த இடத்தில்தான் மதுரை வருது. டாக்டர் ஜி. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களாலேயே ஆபரேஷன் செய்யப் பழகியவர். 1976இல் அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். 1992இல் அரோலேப் என்ற தொழிற்கூடத்தில் லென்ஸை மதுரையிலேயே செய்ய ஆரம்பிச்சாங்க. விலை பத்து டாலர் அளவுக்கும், பிறகு அதற்கும் கீழேயும் இறங்கியது.

ஒரு கிராமில் சிறு பங்கு கூட எடை இல்லாத லென்ஸ். சார்ஜ் வேண்டாம், துடைக்க வேண்டாம், தொலைக்க முடியாது. மாட்டியிருப்பதே ஞாபகம் இருக்காது. சாகும் வரை கூடவே இருக்கும். என்னைக் கேட்டா, மனுஷன் நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்து ஜெயிச்ச பார்வைக் கருவி இதுதான்.

13. இப்போ மறுபடி ஹெட்செட்டுக்கு வருவோம். நம்ம சாதாரணக் கண்ணாடி 25-30 கிராம் இருக்கும். 2024இல் வந்த விஷன் புரோ 600 கிராமுக்கு மேல. பேட்டரி தனி. அந்த எடை முழுக்க முகத்துக்கு முன்னாடி தொங்குது. அதைத் தாங்கிப் பிடிக்கிறது பின்கழுத்துத் தசை. 2025இல் புது மாடல் வந்தப்ப என்ன செய்தாங்க தெரியுமா? பட்டையின் பின்பக்கம் டங்ஸ்டன் உலோகத்தை வைத்துச் சமன் செய்தாங்க. மொத்த எடை இன்னும் கூடிப்போச்சு. ஸ்கார்லெட்டின் கம்பிக்கு முந்தைய காலத்தில்தான் ஹெட்செட் இன்னும் நிக்குது.

14. கண்ணுக்கும் சிக்கல் உண்டு. நிஜ உலகத்தில் கிட்டப் பொருளைப் பார்க்கும்போது ரெண்டு கண்ணும் உள்நோக்கித் திரும்பும், அதே சமயம் லென்ஸும் கிட்டத்துக்கு ஏத்த மாதிரி மாறும். ரெண்டும் ஜோடி மாடு மாதிரி. ஹெட்செட்டில் படம் கிட்ட வர்ற மாதிரி இருந்தாலும், லென்ஸ் குவிய வேண்டிய தூரம் மாறாது. ஒரு மாடு நடக்குது, இன்னொன்னு நிக்குது. விளைவு கண் அசதி, தலைவலி, சிலருக்குக் குமட்டல். இமைக்கிறதும் குறையும், கண் வறளும். பார்வை போயிடும் என்று பயமுறுத்தலை. நாள் முழுக்க, வருஷக் கணக்கா மாட்டிக்க உடம்பு இன்னும் சம்மதிக்கலை, அவ்வளவுதான்.

15. வரலாறும் அதைத்தான் சொல்லுது. 1,500 டாலருக்கு வந்த கூகுள் கிளாஸ், பொதுமக்களுக்கான விற்பனை 2015இல் நின்னுபோச்சு. 3,500 டாலருக்கு வந்த மைக்ரோசாஃப்ட் ஹோலோலென்ஸ் 2, தயாரிப்பு 2024இல் நின்னுபோச்சு. வேடிக்கை என்னன்னா, இப்போ பல கம்பெனிகள் ஹெட்செட்டைச் சுருக்கிச் சுருக்கிச் சாதாரண மூக்குக்கண்ணாடி வடிவத்துக்கே கொண்டு வரப் பார்க்கிறாங்க.

16. இப்போ கடைசியா, முக்கியமான விஷயம். வலை ஊசியில் நூல் கோர்க்கத் தேவை, ஒரு சாதாரணக் கிட்டப் பார்வைக் கண்ணாடி. சில நூறு ரூபாய். 700 வருஷப் பழைய தொழில்நுட்பம். அது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துடுச்சா? உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கைப்படி, வெள்ளெழுத்து இருந்தும் தீர்வு கிடைக்காதவர்கள் உலகில் 82 கோடிக்கும் மேல்.

17. கண்ணாடி கொடுத்தா என்ன ஆகும் என்று அளந்தே பார்த்திருக்காங்க. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயசு தாண்டிய 751 தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு, 2018இல் வெளியானது. கண்ணாடி கிடைச்சவங்க பறிச்ச இலையின் அளவு, கிடைக்காதவங்களை விட சுமார் 22 சதவீதப் புள்ளி அதிகமா உயர்ந்தது. 2024இல் வெளியான வங்கதேச ஆய்வில், கண்ணாடி கிடைச்சவங்களின் வருமானம் எட்டு மாசத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. இலை பறிக்கிற விரலுக்கே இவ்வளவு என்றால், வலைக் கண்ணியில் முடிச்சுப் போடும் விரலுக்கும், பழவேற்காட்டில் பனை ஓலைக் கூடை பின்னும் பெண்களின் விரலுக்கும்?

18. ஆக, நான் சொல்ல வர்றது இதுதான். பார்வைக் கருவி மனுஷனோட நிலைச்சு வாழணும்னா அது எவ்வளவு அதிசயம் காட்டுது என்பது கணக்கில் வராது. உடம்பு அதை மறந்துடணும். தினமும் ஒரு வேலைக்கு உதவணும். உடைஞ்சா நாளைக்கே வேற வாங்க முடியணும். மூணு லட்ச ரூபாய் ஹெட்செட் இன்னும் இந்தப் பரீட்சையைத் தாண்டலை. கிட்டப் பார்வைக் கண்ணாடி எப்பவோ தாண்டிடுச்சு. அதை வேண்டியவங்க கையில் கொடுக்கிறதுதான் பாக்கி.

19. செய்ய வேண்டியது:
நாற்பது தாண்டியவங்க வருஷத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனை செய்துக்கோங்க. கண் அழுத்தமும் சேர்த்துப் பார்க்கணும். சர்க்கரை இருந்தா விழித்திரையும்.
தண்ணியிலும் வெயிலிலும் வேலை செய்றவங்க தொப்பியும் குளிர்கண்ணாடியும் போடுங்க. கண்ணின் வெள்ளையில் சதை வளர்ந்து கருவிழிப் பக்கம் வந்தா டாக்டரிடம் காட்டுங்க.
தேசிய பார்வை இழப்புத் தடுப்புத் திட்டத்தில், வெள்ளெழுத்து உள்ள முதியவர்களுக்கு இலவசக் கண்ணாடி தர வழி இருக்கு. பக்கத்து அரசு மருத்துவமனையின் கண் பிரிவில் கேளுங்க.

20. உங்க வீட்டிலோ தெருவிலோ ஊசியில் நூல் கோர்க்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிடுற பெரியவங்க இருந்தா, இந்த வாரமே கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்பாங்க. வியாசதீர்த்தருக்கும் வயசாயிருந்துச்சு. அவர் கையில் கண்ணாடி இருந்துச்சு.