முத்துக்குளித்துறையில் சிறுவர் மறைக்கல்வி

முத்துக்குளித்துறையில் சிறுவர் மறைக்கல்வி என்பது, 16ஆம் நூற்றாண்டில் தென் தமிழகக் கடற்கரையில் வாழ்ந்த பரதவர் சமூகத்துப் பிள்ளைகளுக்குக் கிறித்தவ நம்பிக்கையைக் கற்பிக்கச் செய்யப்பட்ட ஏற்பாடுகளைக் குறிக்கும். 1542ஆம் ஆண்டில் பிரான்சிஸ் சவேரியார் இதைத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த அன்றீக்கே அன்றீக்கசு அடிகளார் இதை நிலைபெறச் செய்தார். தன் ஆளையும் பணத்தையும் எங்கே முதலில் செலவிட வேண்டும் என்ற கேள்வி எக்காலத்திலும் திருச்சபைக்கு உண்டு. அதற்கு இக்கடற்கரையின் வரலாறு தெளிவான விடை ஒன்றைத் தருகிறது.

பின்னணி

முத்துக்குளிக்கும் உரிமை தொடர்பாகப் பரதவர்களுக்கும் இசுலாமிய வணிகர்களுக்கும் இடையே மோதல் மூண்டபோது, பரதவர் தலைவர்கள் கொச்சியிலிருந்த போர்த்துக்கீசரின் பாதுகாப்பை நாடினர். அதைத் தொடர்ந்து 1535 முதல் 1537 வரை அவர்கள் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றனர். இவ்வாறு கிறித்தவரானவர்கள் ஏறத்தாழ 20,000 பேர் என்று பொதுவாகக் கூறப்படுகிறது.

திருமுழுக்கு அளித்த குருக்கள் திரும்பிச் சென்றுவிட்டனர். கற்பிக்க எவரும் அங்கே தங்கவில்லை. கற்பிக்க வந்தாலும் அவர்களுக்குத் தமிழ் தெரியாது. 1542 அக்டோபரில் சவேரியார் அங்கு வந்தபோது, தாங்கள் கிறித்தவர்கள் என்பதைத் தவிர வேறெதுவும் மக்களுக்குத் தெரியவில்லை என்பதைக் கண்டார். திருமுழுக்கு நடந்து ஐந்தாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. கற்பித்தல் இல்லாத சேர்க்கை எவ்வளவு மெலிந்தது என்பதற்கு அந்நிலை சான்று.

சவேரியாரின் கற்பித்தல் முறை

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்த சிலரின் துணையுடன் சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழாக்கி, தாமே மனப்பாடம் செய்துகொண்டார். பின் கையில் மணி ஏந்தி ஊர்த் தெருக்களில் நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். நாளுக்கு இருமுறை வகுப்பு நடந்தது. அவர் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். எழுத்தறியாதவர்களும் கற்கக்கூடிய முறை இது. திண்ணைப் பள்ளிகளின் முறையும் ஏறத்தாழ இதுவே என்பதால் ஊராருக்கு அது அந்நியமாகத் தோன்றியிருக்காது.

கற்றதை வீட்டில் தாய் தந்தையருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்குமாறு அவர் பிள்ளைகளிடம் கூறினார். நோயாளிகளைப் பார்க்க வருமாறு பல இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. எல்லா வீட்டிற்கும் தாம் போக முடியாதபோது, செபங்களை அறிந்த சிறுவர்களையே அனுப்பி நோயாளிக்காக மன்றாடச் செய்தார். 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் இவற்றை அவரே விவரித்துள்ளார். பிள்ளைகள் கேட்பவர்களாக மட்டும் இராமல், அந்தந்த வீட்டின் ஆசிரியர்களாகவும் ஊரின் பணியாளர்களாகவும் ஆனார்கள்.

அரசியின் காலணிப் பணம்

ஒரு மனிதர் மணியடித்துக்கொண்டு எல்லா ஊர்களுக்கும் போக இயலாது. அவர் அடுத்த ஊருக்குச் சென்றபின் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு யார் கற்பிப்பது? இதற்காகச் சவேரியார் ஊர்தோறும் உள்ளூர் ஆசிரியர்களை நியமித்தார். அவர்கள் 'கணக்கப்பிள்ளை' என்று அழைக்கப்பட்டனர். பிற்காலத்து உபதேசியார்களின் முன்னோடிகள் இவர்களே. பிள்ளைகளைக் கூட்டிக் கற்பிப்பதும், குருவானவர் இல்லாத நேரத்தில் சாகும் நிலையிலுள்ள குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பதும் இவர்களின் பொறுப்புகளுள் அடங்கும்.

இவர்களுக்கு ஊதியம் தர வேண்டியிருந்தது. பரதவர்கள் போர்த்துக்கீசருக்குச் செலுத்திய வரியில் ஆண்டுக்கு 4,000 பணம் போர்த்துக்கல் அரசி கத்தரீனின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அத்தொகையை ஆசிரியர்களுக்கு விட்டுக்கொடுக்குமாறு சவேரியார் அரசியைக் கேட்டுப் பெற்றார். விண்ணகம் ஏற அக்கடற்கரைப் பிள்ளைகளைவிட நல்ல காலணி அரசிக்குக் கிடைக்காது என்பது அவர் வாதம்.

இந்நிகழ்ச்சி சுவையான செய்தியாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆனால் இதிலுள்ள நிருவாகப் பாடம் பெரிது. அவர் கேட்டது ஒருமுறை தரும் நன்கொடை அன்று, ஆண்டுதோறும் வரும் தொகை. அதையும் கட்டடத்திற்குக் கேட்கவில்லை, கற்பிப்பவரின் பிழைப்புக்குக் கேட்டார். சிறுவர் கல்வி ஆர்வலர்களின் ஓய்வு நேரத்தை மட்டும் நம்பி நடக்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

குறைகள்

முதல் முயற்சியில் பிழைகளும் இருந்தன. 'நான் விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில், விருப்பத்தைக் குறிக்கும் 'வேணும்' என்ற சொல் இடம்பெற்றிருந்தது. சவேரியாரே 1544இல் தம் உடன்பணியாளர் மன்சிலாசுக்கு எழுதி அதைத் திருத்தச் சொன்னார். மொழியறிவின்றிக் கற்பித்ததன் விளைவு இது.

இன்னொரு குறை இதைவிடக் கடுமையானது. பிள்ளைகள் பழைய தெய்வ உருவங்களை உடைப்பதையும், அவற்றை வணங்கிய பெற்றோரைக் கடிந்துகொள்வதையும் சவேரியார் மகிழ்ச்சியுடன் குறிப்பிட்டுள்ளார். அக்கால ஐரோப்பியக் குருக்களுக்கு அது பக்தியாகத் தோன்றியிருக்கலாம். இன்று அதை முன்மாதிரியாகக் கொள்ள முடியாது. பிள்ளை மனத்தில் பதிவது ஆழமாகப் பதியும் என்பதால், கற்பிப்பவரின் பொறுப்பும் அந்த அளவுக்குக் கூடுகிறது.

அன்றீக்கசும் அச்சு நூல்களும்

மொழிக் குறையைப் போக்கியவர் அன்றீக்கே அன்றீக்கசு. 1540களின் பிற்பகுதியில் இக்கடற்கரைக்கு வந்த அவர், தமிழைப் பேசவும் எழுதவும் கற்று, அம்மொழிக்கு இலக்கணமும் எழுதினார். 1600இல் இறக்கும்வரை இப்பகுதியே அவரது பணிக்களமாக இருந்தது. 1578இல் கொல்லத்தில் அவரது 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. 16 பக்கங்கள் கொண்ட இந்நூல், இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூலாகும். 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. இது சிறுவர்களுக்குக் கற்பிக்கவென்று மார்க்கோசு ஜோர்ஜ் என்பவர் போர்த்துக்கீசிய மொழியில் வினா விடையாக எழுதிய நூலின் தமிழாக்கம்.

தமிழ் அச்சின் தொடக்கமே மறைக்கல்வித் தேவையிலிருந்து பிறந்தது என்பது இதனால் விளங்கும். இந்த அச்சுப்பணிக்குப் பரதவ மக்கள் தாங்களே பணம் திரட்டிக் கொடுத்தனர். முதல் தலைமுறையில் அரசியின் பணத்தால் நடந்த வேலைக்கு, அடுத்த தலைமுறையில் அச்சமூகமே பணம் தர முன்வந்தது.

விளைவு

1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த அவர்கள் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றி, பரதவர்களைத் தம் சபைக்கு இழுக்க முயன்றனர். பெரும்பான்மையோர் மாறவில்லை. சமூகக் கட்டுக்கோப்பு, சாதித் தலைவரின் செல்வாக்கு, பனிமய மாதா பக்தி ஆகியவை இதற்குக் காரணங்களாகும். அவற்றோடு, தாய்மொழியில் சிறுவயதில் மனப்பாடமான செபங்கள் வீட்டுக்கு வீடு வழங்கிவந்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும். குருவை வெளியேற்றலாம், கோவிலைக் கைக்கொள்ளலாம். தாய் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த செபத்தை எந்த ஆணையாலும் பறிமுதல் செய்ய முடியாது.

வரலாற்று முக்கியத்துவம்

ஒவ்வொரு பங்கிலும் ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் சிறுவர்களுக்கு மறைக்கல்வி அளிக்கப்பட வேண்டும் என்று திரெந்து பொதுச்சங்கம் 1563இல் ஆணையிட்டது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே மணப்பாடு முதலிய ஊர்களில் அது நாள்தோறும் நடந்துவந்தது.

இன்றைய சபைகள் கட்டடத்திற்கும் திருவிழாவிற்கும் ஒதுக்கும் தொகையைச் சிறுவர் வகுப்புக்கு ஒதுக்கும் தொகையுடன் ஒப்பிட்டுப் பார்க்க இவ்வரலாறு உதவும். முத்துக்குளித்துறையில் பயன் தந்தவை நான்கு: நிலையான ஊதியம் பெற்ற உள்ளூர் ஆசிரியர், பிழையற்ற தாய்மொழிப் பாடம், கையில் கொடுக்க ஒரு நூல், வகுப்பையும் வீட்டையும் இணைத்த பழக்கம். திருமுழுக்குப் பதிவேட்டில் ஏறிய பெயர்களை ஒரு சமூகத்தின் நம்பிக்கையாக மாற்றியதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.